மூன்று சுற்று

இத்தாலியிலிருந்து மூன்று அபராதம் வந்திருக்கிறது என்று தெரிந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே, வேலாயுதம் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு மருமகள் கீர்த்தியிடம் அவர் நேராகப் பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் மனைவி கமலவேணியைப் பார்த்துச் சொன்னார், கீர்த்தியின் காதில் நன்றாக விழும்படி.

"ஊருக்குப் போனமா, பாத்தமா, வந்தமான்னு இல்ல. வாடகை வண்டிய எடுத்துக்கினு ஒரே எடத்துல மூணு தடவ மாட்டிக்கினு வந்திருக்குது. இது கையில என் வண்டியக் குடுக்கணுமாம், ஒரகடத்துக்கு வேலைக்குப் போறதுக்கு."

கல்யாணமான புதிதில், கார்த்திகை மாதம், கீர்த்தியும் ஜெயக்குமாரும் இத்தாலி போயிருந்தார்கள். ஜெயக்குமாருக்கு பைக் மட்டும்தான் ஓட்டத் தெரியும். அதனால் வாடகைக் காரை எடுத்தது அவள் பெயரில், ஓட்டியதும் அவள். இப்போது பங்குனியில் அபராதமும் அவள் பெயருக்கே வந்திருந்தது.

அங்கே மலைமேல் அவர்கள் போன பழைய ஊரின் நடுத் தெருக்களில் உள்ளூர்க்காரர்களின் வண்டி மட்டும்தான் போகலாமாம். தெரு முனையில் ஒரு போர்டு, மேலே ஒரு கேமரா, அவ்வளவுதான். காஞ்சிபுரத்தில் தெருவை அடைத்தால் குறுக்கே சவுக்குக் கழி கட்டியிருக்கும், பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்று கத்துவார். அந்த ஊரில் கழியும் இல்லை, கத்தலும் இல்லை. திறந்த தெரு என்றே அவள் நினைத்தாள். கேமராவைக் கடந்த ஒவ்வொரு தடவைக்கும் ஓர் அபராதம்.

ஏன் மூன்று தடவை கடந்தாள் என்பதை மட்டும் வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

சமையலறையில் ஜெயக்குமார் மெதுவாகச் சொன்னான். "பணத்தக் கட்டிட்டு விட்டுடலாம் கீர்த்தி. அப்பா ரெண்டு நாள்ல சரியாயிடுவாரு."

"பணத்தக் கட்டிட்டேன் ஜெய். சாவிய யாரு தருவா? நாளைக்கு நான் வேலையில சேரணும். கம்பெனி பஸ் நம்ம ஊருக்கு வராது. முதல் நாளே போகலைன்னா வேற ஆள எடுத்துப்பாங்க."

"நான் வேணா பைக்ல கொண்டுபோயி விடறேன்."

"தினமுமா? உன் கடைய யாரு திறப்பா?"

அவன் குழாயைத் திறந்து கை கழுவினான். அவள் விடவில்லை.

"அன்னைக்கு போன்ல யாரு என்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியும். நான் சொன்னா வாயாடின்னு ஆயிடும். நீ சொல்லு."

"அப்பாகிட்ட போய் எப்படி..."

"அப்ப அந்த வண்டியில நீ என்கூட இல்லை. அப்படித்தானே?"

மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கீர்த்தி பரிமாறினாள். வேலாயுதம் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"கமலா, உன் மருமகளக் கேளு. அந்த ஊரு கேமராவுக்கு மூணு தடவ தரிசனம் குடுக்கிறேன்னு வேண்டுதலா?"

"சாப்புடும்போது இன்னாத்துக்கு இந்தப் பேச்சு."

"கேக்கக் கூடாதா? ஒரு தடவ போனா தெரியாம போச்சுன்னு விடலாம். மூணு தடவ போனா அதுக்குப் பேரு திமிரு. இதுல வேலைக்கு வேற போவணுமா? ஒண்ணும் வேணாம், வீட்ல இருக்கச் சொல்லு."

கீர்த்தி ஜெயக்குமாரைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்துகொண்டிருந்தான். அவள் கரண்டியை வைத்துவிட்டு அறைப் பக்கம் நடந்தாள்.

"நீங்கதாம்பா சுத்தச் சொன்னீங்க."

ஜெயக்குமாரின் குரல்தான். கீர்த்தி நின்றாள்.

"நானா?" என்றார் வேலாயுதம்.

"வண்டிய எடுத்ததும் வீடியோ கால்ல காமிச்சோம். புதுசா ஒரு வண்டிய எடுத்தா கோயில சுத்திட்டுத்தான் கெளம்பணும்னீங்க. இங்க கோயில் இல்லப்பா, மேல சர்ச்சுதான் இருக்குதுன்னேன். எந்தச் சாமியா இருந்தா இன்னாடா, சுத்துன்னீங்க. அவ உங்க பேச்சக் கேட்டு சுத்தினா."

"நான் ஒரு சுத்துன்னுதான் சொன்னேன். மிச்சம் ரெண்டும் அது இஷ்டம்."

"மூணுன்னீங்க," என்றாள் கமலவேணி, அப்பளத்தை உடைத்தபடியே. "நான் பக்கத்துலதான இருந்தேன். கடைசிச் சுத்துல கன்னத்துல கூட போட்டுக்கினீங்க."

வேலாயுதத்தின் முகம் சிவந்தது. "அந்த ஊரு சட்டம் எனக்கு எப்படிடா தெரியும்? ஓட்டறவங்களுக்கு இல்ல தெரியணும்?"

"எனக்கும் தெரியலைதான் மாமா," என்றாள் கீர்த்தி. "அதனாலதான் யாரையும் கேக்காம நானே கட்டினேன். ஆனா திமிர்ல சுத்தலை. நீங்க சொன்னீங்கன்னு சுத்தினேன்."

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். கீர்த்தி திரும்பி வந்து, ஜெயக்குமாரின் தட்டில் ரசம் ஊற்றினாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். "சாப்பிடு," என்றாள்.

திங்கட்கிழமை விடிந்தபோதும் ஆணி வெறுமையாகவே இருந்தது. கீர்த்தி புடவை கட்டி, பையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வாசலில் ஜெயக்குமார் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். வேலாயுதம் கூடத்துத் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். அவள் கடந்து போகும்வரை தறியின் நாடா நூலோடு இங்கும் அங்கும் ஓடியது. பிறகு நின்றது.

"இன்னிக்குத் தேரு," என்றார், நூலைப் பார்த்துக்கொண்டே. "ராஜ வீதி பூரா அடைச்சிருப்பான்."

யாரிடம் சொல்கிறார் என்று கீர்த்தி திரும்பிப் பார்த்தாள். கமலவேணி அங்கே இல்லை.

"உன்கிட்டதாம்மா சொல்றேன். சாவி சட்டையில இருக்குது. எடுத்துக்கோ. கழி கட்டலியேன்னு எங்கனா பூந்துட்டு வந்து நிக்காத."

"போர்டைப் படிச்சிட்டுத்தான் போவேன் மாமா."

"படிச்சிட்டாலும்."

கொடியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து அவள் சாவியை எடுத்தாள். ஜெயக்குமார் துடைத்த துணியோடு ஓடிவந்து கேட்டைத் திறந்தான். உள்ளேயிருந்து கமலவேணி எலுமிச்சம்பழத்தோடு வந்தாள்.

"மொத நாளும் அதுவுமா போறா. வழியில கோயில ஒரு சுத்து..."

"நீ சும்மா இரு," என்று தறியிலிருந்து அதட்டினார் வேலாயுதம். "நேரா போவட்டும்."