அசையாமல் இரண்டு மணி நேரம்

அலெக்சாந்திரியாவின் இப்ராஹிமிய்யாவில் டிராம் தண்டவாளத்தை ஒட்டி நின்ற எங்கள் கட்டடத்தில் ரகசியம் என்று ஒன்று ஒருநாள்கூடத் தங்கியதில்லை. யார் வீட்டில் மீன் பொரிகிறது, யார் வீட்டில் புருஷன் கோபித்துக்கொண்டு சோபாவில் படுத்தான் என்பதெல்லாம் நடுவிலிருந்த காற்றுவெளி வழியாக மேலே ஏறி, பால்கனிகளிலிருந்து இறங்கும் காய்கறிக் கூடையோடு தெருவுக்குப் போய்விடும். இன்று நான் இருக்கும் புதுக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரி பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, எண்பத்திரண்டாம் வருடத்துக் குளிர்காலம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

அப்போது மூன்றாவது மாடியில் நாங்கள் மூன்று பெண்கள். மாமியார் இன்ஷிராஹ்; ஹஜ் போய்வந்தவர் என்பதால் அந்தத் தெருவுக்கே அவர் ஹாஜ்ஜா, எங்களுக்கு அம்மா. மூத்த மருமகள் ராவியா. இளைய மருமகள் நான், இஸ்மத். என் கணவர் சமீஹ் தபால் இலாகாவில் இருந்தார். ராவியாவின் கணவர் வக்தி சரக்குக் கப்பலில் பொறியாளர்; மூன்று மாதம் கடலில், மூன்று வாரம் வீட்டில். ஓரகத்திகள் என்றால் அடுப்படியில் முட்டிக்கொள்வார்கள் என்பார்கள். எனக்கு ராவியா அக்காவாகவே வாய்த்தாள்.

அவளுக்கு இரண்டு முறை கரு தங்கியது. இரண்டு முறையும் கலைந்தது. முதல் முறை ஸஃபிய்யா ஸக்லூல் தெருவில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் சிறுநீர் கொடுத்துப் பார்த்தாள். அங்கே வேலை பார்த்தவன் சமீஹின் பள்ளித்தோழன். முடிவை வாங்கிக்கொண்டு இவள் டிராமில் வந்து இறங்குவதற்குள், அவன் தொலைபேசியில் சமீஹுக்குச் சொல்லி, சமீஹ் மளிகைக்கடைக்குச் சொல்லி, ஹாஜ்ஜா பால்கனியில் நின்று குலவையிட்டுக்கொண்டிருந்தார். மாலைக்குள் கட்டடம் முழுக்க ரோஜா சர்பத். மூன்றாம் மாதம் எல்லாம் முடிந்தபோது, சர்பத் குடித்த அதே ஆட்கள் கோழி சூப்போடு மாடியேறினார்கள். படுக்கையில் கிடந்தபடி ராவியா ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். ஹாஜ்ஜா அழுத அழுகைக்கு அவரையும் இவள்தான் தேற்றினாள். இரண்டாம் முறையும் அப்படியே.

“போனது ஒரு வலி, இஸ்மத்,” என்றாள் ஒருநாள், பூண்டு உரித்துக்கொண்டே. “வந்தவங்களுக்கெல்லாம் நான் ஆறுதல் சொல்லிக்கிட்டிருந்தேன் பாரு, அது தனி வலி.”

அந்த வருடம் வக்தி ஊருக்கு வந்தபோது, மர்செய் துறைமுகத்தில் வாங்கியதாக ஒரு சிறு பெட்டியைச் சட்டைகளுக்கு நடுவில் ஒளித்துக் கொண்டுவந்தார். வீட்டிலேயே கர்ப்பம் பார்க்கும் பெட்டி. அலெக்சாந்திரியா மருந்துக்கடைகளில் அப்படியொன்றை நாங்கள் பார்த்ததில்லை. “வேற யாரும் வேணாம். நமக்குத் தெரிஞ்சா போதும்,” என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கப்பலேறினார். பெட்டியில் எழுதியிருந்ததெல்லாம் பிரெஞ்சு. கன்னியாஸ்திரிகள் பள்ளியில் நான் நாலு எழுத்து பிரெஞ்சு படித்திருந்தேன். அப்படித்தான் நான் இந்தக் கதைக்குள் வந்தேன்.

ராவியாவுக்கு நாள் தள்ளிப்போனது. ஹாஜ்ஜாவின் கண் எப்போதும் கொடியில் காயும் துணிகள்மேல்தான். எந்த மருமகளின் மாதவிலக்குத் துணி எப்போது காய்கிறது, எப்போது காயவில்லை என்பது அவருக்கு மனப்பாடம். ராவியா அலமாரியிலிருந்து சுத்தமான துணிகளை எடுத்து நனைத்துப் பிழிந்து கொடியில் போட்டாள். ஹாஜ்ஜா அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பெட்டியில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சிட்டிகை வெள்ளைப் பொடி. காலையில் முதலில் போகும் சிறுநீரில் சில சொட்டும், கூடவே கொடுத்திருந்த தண்ணீரும் விட்டுக் கலக்கி, சிறு தாங்கியில் நிறுத்த வேண்டும். தாங்கியின் அடியில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி, சாய்வாக. அதில் பழுப்பு வளையம் தெரிந்தால் கர்ப்பம்.

“அப்புறம் என்ன எழுதியிருக்கு?” என்றாள் ராவியா.

“ரெண்டு மணி நேரம் அசையக் கூடாதாம்.”

“நானா?”

“குழாய், அக்கா. லேசா ஆடினாக்கூட வளையம் கலைஞ்சிடுமாம்.”

அந்த வீட்டில் அசையாத பொருள் எது? டிராம் போகும்போதெல்லாம் அலமாரிக் கோப்பைகள் ஒன்றோடொன்று பேசும். கட்டிலே அரை அங்குலம் நகரும். தேடித் தேடி, படுக்கையறைத் துணி அலமாரியின் உச்சியில், மடித்த கம்பளியின் மேல் குழாயை வைத்தோம். முதல் டிராம் போனது, மூச்சைப் பிடித்துக்கொண்டோம். இரண்டாவதும் போனது. மூன்றாவது வருவதற்குள் ஹாஜ்ஜா வந்தார்.

“அந்தப் பெரிய மேசைவிரிப்பு எங்கடி? வெள்ளிக்கிழமை என் தங்கச்சி வர்றா!” என்றபடி அலமாரிக் கதவை ஒரே இழுப்பில் இழுத்தார். அந்தக் கதவு எப்போதும் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒரு உதையும் கொடுத்தார்.

அவர் போனபின் நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். கண்ணாடியில் வளையமும் இல்லை, ஒன்றும் இல்லை. கலங்கிய சேறுபோல் ஏதோ பரவிக் கிடந்தது. ராவியா கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

“இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு சாண் இடம் கிடையாது, இஸ்மத்.”

எனக்கு மதாம் அரக்சியின் நினைவு வந்தது. தரைத்தளத்தில், டிராமுக்கு முதுகைக் காட்டிய பின்கட்டில் இருந்த அர்மீனியத் தையல்காரி. தடித்த கல்சுவர். சுவரோடு ஒட்டி, பளிங்குப் பலகை பதித்த கனமான இழுப்பறைப் பெட்டி. நாலு ஆள் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது.

இரண்டு நாள் கழித்து, காலைச் சிறுநீர் பிடித்த ஜாம் ஜாடியையும் மிச்சமிருந்த குழாயையும் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு இருவரும் படியிறங்கினோம். நவம்பர் புயல் கிளம்பியிருந்தது. துடைப்பம் என்று நாங்கள் அழைக்கும் அந்தக் காற்று, தெருவைப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. மேல்மாடிகளின் சன்னல் பலகைகள் எல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டன.

மதாம் கதவைத் திறந்தார். வாய் நிறையக் குண்டூசி. ஒவ்வொன்றாக எடுத்து மார்பில் குத்திக்கொண்டு கேட்டார்: “ஜாடியில என்ன, ஊறுகாயா?”

“இல்ல, மதாம்,” என்றேன்.

ஜாடியைப் பார்த்தார். ராவியாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த குழாயைப் பார்த்தார். நான் மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னேன்.

“ஆண்டவரே, என் தாயோட சீதனப் பளிங்கு மேலயா!” என்று நெற்றியில் கை வைத்தார். வைத்த கையோடு, பளிங்கின் மேலிருந்த புகைப்படங்களையும் மாதாவின் படத்தையும் எடுத்துக் கட்டிலில் அடுக்கத் தொடங்கினார். “மாதா கோவிச்சுக்க மாட்டாங்க. அவங்களுக்கும் இந்தச் செய்தி திடீர்னுதான் வந்துது.”

குழாயை நிறுத்தினோம். மதாம் தையல் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டார். “மெஷின் ஓடினா தரை அதிரும்,” என்று ஒரு பாவாடையின் விளிம்பைக் கையால் தைக்க உட்கார்ந்தார். மறுநாள் கொடுக்க வேண்டிய உடுப்பு அது என்று பின்னால்தான் தெரிந்தது.

அந்த அறையின் அமைதி எனக்குப் புதிது. காற்றின் ஊளைகூட எங்கோ தூரத்தில்தான் கேட்டது. முதலில் யாரும் பேசவில்லை, பேச்சுக்கும் குழாய் ஆடிவிடுமோ என்பதுபோல. பிறகு ராவியாதான் பேசினாள். போன இரண்டுக்கும் அவள் மனதுக்குள் பெயர் வைத்திருந்தாளாம். வக்திக்குக்கூடச் சொன்னதில்லை. அந்தப் பெயர்களை அன்று எங்களிடம் சொன்னாள். மதாம் ஊசியை நிறுத்திவிட்டு, அந்த இரண்டு பெயர்களையும் ஒருமுறை மெதுவாக உச்சரித்தார். அவ்வளவுதான். கோழி சூப்போடு வந்த யாரும் அவளுக்கு அதைச் செய்திருக்கவில்லை.

கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

“மதாம் அரக்சி! என் மருமகளுங்க இங்கயா இருக்காங்க?”

ஹாஜ்ஜாவின் குரல். தட்டிய தட்டில் கதவே அதிர்ந்தது. ராவியா பளிங்கின் இரு பக்கமும் கை வைத்து, அதைப் பிடித்து நிறுத்துவதுபோல் நின்றாள்.

மதாம் கதவை நாலு விரற்கடை மட்டும் திறந்தார். “மெதுவா, ஹாஜ்ஜா. உள்ள ஒரு அம்மாவுக்கு அளவெடுக்கறேன். துணியில்லாம நிக்கறாங்க.”

“நான் பார்க்காத உடம்பா? தள்ளு.”

“போலீஸ் கர்னல் சம்சாரம்.”

ஹாஜ்ஜாவின் குரல் சட்டென்று இறங்கியது. “அப்படியா... அவங்களுக்கு என் சலாம் சொல்லு. இந்தப் பொண்ணுங்க எங்க தொலைஞ்சாங்க, காத்து இப்படி அடிக்குது?”

“ரொட்டிக் கடைப் பக்கம் போனதைப் பார்த்தேன்.”

“ரொட்டி வீட்டுல ஏகப்பட்டது கிடக்கே!” என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் படியேறினார். மதாம் கதவைச் சாத்திவிட்டு, பயத்தில் வியர்த்த கழுத்தைப் பாவாடைத் துணியாலேயே துடைத்தார். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நேரம் ஆனதும் பழக்கதோஷத்தில் நான்தான் முதலில் எழுந்தேன். பிரெஞ்சு படித்தவள் அல்லவா. ராவியா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நான் பார்க்கறேன். இந்த ஒரு தடவையாவது முதல்ல எனக்குத் தெரியட்டும்.”

குனிந்து பார்த்தாள். நெடுநேரம் நிமிரவில்லை. அவள் முதுகிலிருந்து எங்களால் எதையும் படிக்க முடியவில்லை. பிறகு திரும்பாமலே, “மதாம், கொஞ்ச நேரம் நான் மட்டும் இங்க இருக்கட்டுமா?” என்றாள்.

நாங்கள் அடுப்படிக்குப் போனோம். நான் கழுவிக் கவிழ்த்திருந்த காப்பிக் கோப்பைகளை மறுபடி கழுவினேன். மதாம் தன் மொழியில் ஏதோ ஜெபித்தார். உள்ளேயிருந்து அழுகையோ சிரிப்போ ஒன்றும் வரவில்லை. ஒருவழியாக “வாங்க” என்று கூப்பிட்டாள். கண்ணாடியில், யாரோ மெல்லிய தூரிகையால் வரைந்ததுபோல், பழுப்பு நிறத்தில் முழு வளையம். ராவியா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை அவ்வளவு அமைதியாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நாங்கள் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. வாழ்த்தும் சொல்லவில்லை. மதாம் காப்பி போட்டார். அவளுக்கு மட்டும் பால்.

வக்தியின் கப்பல் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்துக்குப் போனபோது தொலைபேசி நிலையத்திலிருந்து அழைத்தோம். அங்கே கத்தினால்தான் மறுமுனைக்குக் கேட்கும். வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துக் கேட்கும். ராவியா கத்தினாள்: “மர்செய்ல வாங்கின சட்டை அளவா இருக்கு!”

“எந்தச் சட்டை?”

“பெட்டியில வந்துதே, அது!”

அந்தப் பக்கத்திலிருந்து வந்த கூச்சல் தொலைபேசிக் கூண்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. வரிசையில் நின்ற ஒரு பெரியவர், “சட்டைக்கா இந்தச் சந்தோஷம்?” என்றார்.

வயிற்றில் குழந்தை அசைந்த பிறகே ராவியா ஹாஜ்ஜாவிடம் சொன்னாள். மதிய உணவுக்குப்பின், பாத்திரங்களை எடுக்கும்போது. குலவை வெடிக்கும் என்று நான் காதைத் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை. ஹாஜ்ஜா கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு, என்னைக் காட்டிக் கேட்டார்: “இவளுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா.”

“அந்த அர்மீனியாக்காரிக்கு?”

ராவியா தலையசைத்தாள்.

“எனக்கு மட்டும் இல்ல.” எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ராவியாவே உள்ளே போய்த் தரையில், அவர் காலடியில் உட்கார்ந்தாள். நான் வாசலில் நின்றேன்.

“தொழுகையில உனக்காகக் கேட்டிருப்பேனே,” என்றார் ஹாஜ்ஜா. “இத்தனை நாளும் கேட்டிருப்பேனே.”

“நீங்க அழுதா எனக்குத் தாங்காதும்மா. போன தடவை உங்களைத் தேத்திட்டு, அப்புறம்தான் எனக்காக அழ உட்கார்ந்தேன். அதுக்குள்ள எனக்குக் கண்ணீரே வரல.”

ஹாஜ்ஜா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்படியா பண்ணிட்டேன் உன்னை?” என்று கேட்டார். அவள் தலைமுடியைக் கோதிவிட்டார். “சரி. இனி உன் வாயால நீ சொல்ற வரைக்கும் என் வாய் திறக்காது.”

திறக்கவும் இல்லை. அந்தத் தெருவே கண்ட அதிசயம் அது. ஏழாம் மாதத்தில் வயிறு வாசலைத் தாண்டி நிற்கும்போதும், யாராவது கேட்டால் ஹாஜ்ஜா முகம் மாறாமல், “மக்ரோனி. எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டேங்கறா, தின்னுக்கிட்டே இருக்கா,” என்பார். மளிகைக்காரன் சத்தியம் கேட்டான். ஹாஜ்ஜா அவனிடம் மக்ரோனி இரண்டு பொட்டலம் கூடுதலாக வாங்கிக்கொண்டு வந்தார்.

கோடைத் தொடக்கத்தில் யும்னா பிறந்தாள். ஏழாம் நாள் விழாவுக்குக் கட்டடம் முழுவதும் எங்கள் வீட்டில். வக்தி வந்திருந்தார், மதாம் அரக்சி தைத்த வெள்ளைச் சட்டையில் குழந்தை. வழக்கப்படி அதைச் சல்லடையில் கிடத்தி, மெழுகுவர்த்திகளுக்கு நடுவில் வைத்தோம். ஹாஜ்ஜா பித்தளை உரலை அதன் காதருகே இறக்கி, உலக்கையைக் கையில் எடுத்தார்.

“அம்மா பேச்சைக் கேளு!” என்று ஓங்கி ஒரு இடி. டங்கென்ற சத்தத்தில் குழந்தை கைகளை விரித்துத் தூக்கிப்போட்டது. “அப்பா பேச்சையும் கேளு!” இன்னொரு இடி. பிறகு ராவியாவைப் பார்த்து, எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக்கொண்டு, மூன்றாவதாக இடித்தார்:

“பாட்டி பேச்சை மட்டும் கேக்கவே கேக்காதே!”

அதற்கப்புறம் அவர் இட்ட குலவை, இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்தது எல்லாமும் சேர்ந்து, டிராம் நிறுத்தம் வரை கேட்டதாகச் சொன்னார்கள்.