இரண்டு இலக்கச் சொத்து

சனிக்கிழமை வீட்டுக் குப்பையைத் தாங்களே சுமந்துகொண்டு குப்பைக் கிடங்குக்கு வராதவர்கள் என்று அந்த ஊரில் யாரும் இல்லை, செத்தவர்களைத் தவிர. ஆகவே நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்ற உறுப்பினர் ஆரின் பெட்டிங்கில், தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால், காலை எட்டு மணிக்கே கிடங்கு வாசலில் நின்றார். காரை வேண்டுமென்றே குறுக்கே நிறுத்தியிருந்தார். அப்போதுதான் எண் பலகை எல்லோர் கண்ணிலும் படும். மன்றத்தில் எந்த இருக்கையோ அந்த எண்தான் காருக்கும். அவருக்கு 22. நானூறு பேர் உட்காரும் மன்றத்தில், வருடத்துக்கு நூறு டாலர் சம்பளத்தில், பதினான்கு வருடமாக அவர் சேர்த்த சொத்து அந்த இரண்டு இலக்கம்தான்.

ஏழு முறை போட்டியின்றி ஜெயித்தவர். இந்த முறை கிடங்கின் 'இலவசக் கொட்டகை'யைப் பார்த்துக்கொண்ட வில்மா குவிம்பி எதிர்த்து நின்றாள். வேண்டாததை வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துப்போகும் கொட்டகை அது. ஊரில் பாதி நாற்காலிகள் அங்கிருந்து வந்தவை. சுகாதாரக் கேடு என்று மன்றத்தில் புதுச் சட்டம் போட்டு வசந்தகாலத்தில் அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

எட்னா கிரேவ்ஸ் இரண்டு குப்பை மூட்டைகளோடு வந்தாள். ஆரின் கைகுலுக்க வந்தார். மூட்டையில் கை வைக்கவில்லை.

"அந்த டை நல்லாருக்கே," என்றாள் எட்னா. "என் வீட்டுக்காரரோடது. கொட்டகைல நான்தான் வச்சேன்."

ஆரினின் குரல் உயர்ந்தது. "அதைத்தான் சொல்றேன்! ஏழைக்கு டை, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சைக்கிள், எல்லாம் குடுத்த கொட்டகை. அதை மூடச் சொல்லி ஓட்டுப் போட்டவன் எவனோ, அவனுக்கு மண்டைல மூளைக்குப் பதிலா மரத்தூள்தான். அவனை வீட்டுக்கு அனுப்பணும்."

கூட்டம் கைதட்டியது. கூட்டத்தில் நின்ற வில்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு காகிதத்தை விரித்தாள்.

"யார் யார் எப்படிப் போட்டாங்கன்னு மன்றத்துல இருந்து வாங்கினேன். ஆதரவு: பெட்டிங்கில், ஆரின்."

"வேற பெட்டிங்கிலா இருக்கும்."

"இருக்கை இருபத்திரண்டு."

எல்லோரும் கார் எண்ணைப் பார்த்தார்கள்.

"மரத்தூளைப் பழைய மரம் போடற இடத்துல கொட்டணும், ஆரின்," என்றாள் எட்னா. "வலது பக்கம்."

ஆரின் வீட்டுக்குப் போய் லூசியன் கானியேவுக்குத் தொலைபேசினார். லூசியன் பக்கத்து இருக்கைக்காரர். ஓட்டுப் போடும்போது அவர் விரல் ஆதரவுக்கான பச்சைப் பொத்தானுக்குப் போனால் ஆரினுடையதும் போகும். சிவப்புக்குப் போனால் சிவப்பு. பதினான்கு வருட வழக்கம். அறுநூறு பக்கச் சட்டங்களை லூசியன் படிக்கும்போது இன்னொருவர் ஏன் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

"ஏம்ப்பா, அந்தக் கொட்டகைச் சட்டத்துக்கு ஏன் பச்சை அழுத்தின?"



"நீ கைய நீட்டின மாதிரி இருந்துச்சு," என்றார் லூசியன்.

"நான் இருமலுக்கு மிட்டாய் எடுக்க நீட்டினேன்யா."

"அட. நீ படிச்சிருப்பேன்னுல்ல நான் இத்தனை வருஷமா உன் கையையே பாத்துட்டிருந்தேன்."

செவ்வாய்க்கிழமை ஆரின் முப்பத்தொரு ஓட்டில் தோற்றார். அவனை வீட்டுக்கு அனுப்பணும் என்று அவரே கேட்டுக்கொண்டாரே, தட்ட முடியுமா என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த கோடையில் வில்மாவின் முதல் மசோதா நிறைவேறிக் கொட்டகை திறந்தது. ஆரின் தன் மூட்டைகளைத் தானே சுமந்து வந்தார். பிறகு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, கழற்றி வைத்திருந்த 22ஆம் எண் பலகையை ஒரு ரொட்டி சுடும் இயந்திரத்துக்கும் ஒற்றைப் பனிக்காலணிக்கும் நடுவே நிறுத்திவைத்தார். ஒரு சரித்திரச் சின்னம். யாராவது சுவரில் மாட்டுவார்கள்.

முதல் சனிக்கிழமை காலணி போயிற்று. இரண்டாம் சனிக்கிழமை, வேலை செய்யாத ரொட்டி இயந்திரமும் போயிற்று. பலகை மட்டும் இருந்தது. மூன்றாம் சனிக்கிழமை ஆரின் அதைக் கைக்குட்டையால் துடைத்து முன்வரிசைக்கு நகர்த்தினார்.

நான்காம் சனிக்கிழமை காணவில்லை. அன்று இரவு அவர் நன்றாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை எட்னாவின் வீட்டைக் கடக்கும்போது கண்ணில் பட்டது. கோழிக்கூட்டின் கூரையில், ஒழுகும் இடத்தில், நாலு ஆணி அடித்து. எட்னா முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆரின் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். "மழை பெய்ஞ்சா தாங்குதா?"

"சொட்டுத் தண்ணி இறங்கல," என்றாள் எட்னா. "இப்பதான் உருப்படியா ஒரு வேலை செய்யுது."

ஆரின் டையைச் சரிசெய்துகொண்டு, கோழிகளுக்கு ஒரு கை அசைத்துவிட்டுப் போனார்.