மேடையில் விட்ட தலாக்

அன்று கட்சி அலுவலக மாடியில் இருந்தவர்கள்: எம்.பி. ருபியா, பள்ளிக்கூட கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய கணவர் சூலோங், தொகுதித் தலைவர் டத்தோ வான் காதிர், கட்சியின் மார்க்க அறிஞர் உஸ்தாஸ் தர்மிசி, காபி ஊற்றிக் கொடுத்த நான். நான் ருபியாவின் டிரைவர். எம்.பி.யை எங்கள் நாட்டில் ஒய்பி என்றுதான் கூப்பிடுவோம்.

மறுநாள் கோலாலம்பூரில் பட்ஜெட் ஓட்டெடுப்பு. எதிர்த்து ஓட்டுப் போட்டு அரசாங்கத்தைக் கவிழ்க்க வேண்டும் என்பது கட்சி உத்தரவு. அந்தப் பட்ஜெட்டில்தான் எங்கள் கடலோரத் தொகுதிக்குப் பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. ருபியா அரசியலுக்கு வருமுன் கிராமக் கிளினிக்கில் நர்ஸ். டவுனுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே பெண்கள் செத்ததைப் பார்த்தவர். அந்த ஆஸ்பத்திரியைச் சொல்லியே சமையலறை சமையலறையாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. போன தேர்தலுக்கு முன் கட்சி எல்லா வேட்பாளர்களையும் மேடையேற்றிச் சத்தியம் வாங்கியது. கட்சி உத்தரவை மீறினால் என் மனைவிக்கு முத்தலாக் என்று ஆண்கள் வரிசையாகச் சொன்னார்கள். ருபியாவின் முறை வந்ததும் மைக் நின்றது. பெண்ணின் கையில் தலாக் கிடையாது. கூட்டத்தில் எவனோ "புருஷனக் கூப்பிடு" என்று கத்தினான். சூலோங் ஏறினார். என் மனைவி உத்தரவை மீறினால் அவளுக்கு முத்தலாக் என்று சொல்லிவிட்டு இறங்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ருபியாவை யாரும் கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரி எங்க ஓடிப்போகுது ருபியா? நாம ஆட்சிக்கு வந்தா நானே அடிக்கல் நட்டுத் தரேன்" என்றார் டத்தோ.

"ஒவ்வொரு தேர்தலுக்கும் கல்லு நட்டீங்க டத்தோ. அதுல இப்ப ஆடு கட்டுறாங்க."

டத்தோ சிரித்தார். சூலோங் சிரிக்கவில்லை.

"உஸ்தாஸ், அவர் சொன்னது செல்லுமா?" ருபியா கேட்டார்.

"ஷரியா கோர்ட்டுதான் சொல்லணும். இழுக்கும்." உஸ்தாஸ் தரையைப் பார்த்தார். "அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒரே வீட்டுல தனியா இருக்க வேணாம், ஒய்பி. தலாக் ஆயிருந்தா அது குத்தம். எவனாச்சும் புகார் குடுத்தா மத இலாகாவுலேர்ந்து வந்து கதவத் தட்டுவான்."

"புகார் குடுப்பாங்களா டத்தோ?"

"குடுக்காம இருப்பாங்களா?" அவர் காபியை ஊதினார்.

சூலோங் நாற்காலியை மனைவி பக்கம் நகர்த்தினார். "பியா, உடம்பு சரியில்லன்னு போகாம இருந்துடு."

"போகலன்னாலும் மீறினதுதான்" என்றார் டத்தோ.

"பாங், நீங்க ஏன் மேடையேறுனீங்க?" கணவரை ருபியா பாங் என்றுதான் கூப்பிடுவார்.

"ஏறலன்னா உனக்கு சீட்டு இல்லன்னாங்க. உனக்காகத்தான் ஏறுனேன்."

"தெரியும்."

"அப்ப எனக்காக இந்த ஒரு தடவ அவங்க சொல்றபடி செய்."

ருபியா காபியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். சாயங்காலமே காரை எடுக்கச் சொன்னார். வழி முழுக்கக் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை.

நாடாளுமன்றத்தில் டிரைவர்களுக்கென்று ஒரு கேன்டீன் உண்டு. அங்கே டிவியில் பார்த்தோம். ஆதரிப்பவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். கட்சி வரிசையில் ருபியா மட்டும் எழுந்தார். பட்ஜெட் தப்பித்தது.

"உங்க ஒய்பி புருஷனக் குடுத்து ஆஸ்பத்திரி வாங்கிட்டாங்கடா" என்றான் ஒரு டிரைவர். சிலர் சிரித்தார்கள். நான் அவன் தட்டைக் கவிழ்த்தேன். அதனால் எதுவும் மாறவில்லை.

மறுநாள் மதியம் ஊர் வந்து சேர்ந்தோம். கேட்டுக்கு எதிரே கட்சிப் பையன்கள் இருவர் பைக்கில் உட்கார்ந்து போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வீடு ருபியா நர்ஸ் சம்பளத்தில் கட்டியது. அதனால் சூலோங் தன் பையை எடுத்து வைத்திருந்தார்.

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"மீன் புளிக்குழம்பு வச்சிருக்கேன். சூடு பண்ணிக்கோ."

"நீங்களும் சாப்பிட்டுப் போங்க பாங். டிரைவர் இருக்கான்ல. தனியாவா இருக்கோம்?"

சூலோங் பைக்கைப் பார்த்தார். "வேணாம் பியா. இதையும் காசாக்கிடுவானுங்க. தம்பி வீட்டுல இருக்கேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"கோர்ட்ட கேளு."

அவர் கையை நீட்டப் போனார். பாதியில் இழுத்துக்கொண்டார். எப்போதும் வெளியே கிளம்பும்போது ருபியா அந்தக் கையை முத்தமிடுவார். இன்று தொடலாமா கூடாதா என்று இருவருக்குமே தெரியவில்லை. என்னைப் பார்த்தார்கள். எனக்கு எப்படித் தெரியும்?

சூலோங் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவர் முதுகுக்குப் பின்னால் ருபியா கதவைச் சாத்தி உள்ளே பூட்டினார்.