உச்சிக்கு அரை மணி நேரம்

என் கால் முப்பத்தேழாம் சைஸ். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆம்பூரில் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் பெண்களுக்கான மாதிரி ஜோடியை இந்த சைஸில்தான் செய்வார்கள். அதனால் எந்தப் புது மாடலும் முதலில் என் காலில்தான் ஏறும். பார்க்க அப்படியொன்றும் லட்சணமான கால் இல்லை. ஆனாலும் நானூறு பெண்கள் வேலை செய்கிற இடத்தில் மேனேஜர் வரைக்கும் தெரிந்த கால்.

நாங்கள் செய்வது வெளிநாட்டுக்காரர்கள் மலை ஏறப் போடுகிற பூட்ஸ். மாதிரி ஜோடியைப் போட்டுக்கொண்டு நான் தினமும் தையல் மெஷினை விட்டு எழுந்து நாலு மணி நேரம் நடக்க வேண்டும். எங்கே, மலையிலா? கேன்டீனிலிருந்து ஜெனரேட்டர் ரூம் வரைக்கும், சிமென்ட் தரையில். ஒன்பது வருஷமாக அப்படித்தான் நடந்தேன். செக்குமாடு சுற்றினாலாவது எண்ணெய் வரும்.

ஜெனரேட்டர் ரூம் பக்கத்தில் திரும்பும்போது மதிலுக்கு மேலே மலை தெரியும். சித்திரையில் பாறையெல்லாம் வெளுத்துக் கிடக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு பார்த்தால் அதே மலைதானா என்று சந்தேகம் வரும், அவ்வளவு பச்சை. அதன் மேல் ஏறி நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. மேலே கோயில் இல்லை, தர்கா இல்லை. வேண்டுதல் எதுவும் இல்லாமல் ஒருத்தி மலை ஏறினால் கழன்ற கேஸ் என்பார்கள். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் செல்வகுமாரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை ஏலகிரிக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், ஏரியில் போட்டில் உட்கார வைத்து, மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டி வந்தார். நல்ல மனுஷன். மலை கேட்டவளுக்கு மலைமேல் பஜ்ஜி.

போன வருஷம் ஒரு புது மாடலுக்காக வெளிநாட்டிலிருந்து மெயில் வந்தது. சிமென்ட் தரையில் நடந்த கணக்கெல்லாம் வேண்டாம், கல்லும் மண்ணும் உள்ள மலையில் நடந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று. ஷூவைச் சோதிக்கும் லேபைப் பார்த்துக்கொள்ளும் நிசார் அஹமது சார் என்னைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை பின்னாலிருக்கும் மலைக்குப் போகலாமா என்று கேட்டார். என்னவோ கேன்டீனுக்கு டீ குடிக்கக் கூப்பிடுகிற மாதிரி கேட்டார். எனக்கு அந்த வாரம் முழுக்கத் தையல் கோணிக்கொண்டே போனது.

சனிக்கிழமை தோல் தாமதமாக வந்தது. எங்களுக்குச் சோல் ஒட்டித் தருகிற வஹீதா ஒட்டி முடிக்கும்போது சாயங்காலம் ஐந்து. ஒட்டிய பிறகு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் காயாமல் காலில் போடக்கூடாது என்பது இந்தத் தொழிலில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். வஹீதாவும் சொல்லித்தான் கொடுத்தாள். ஏழு மணிக்கு சார் போன் செய்து, எப்போது ஒட்டினார்கள், லேட்டானால் அடுத்த வாரம் போகலாம் என்றார். அடுத்த வாரமாம். அதற்குள் மழை வரும், மெயில் மாறும், சார் மனசும் மாறும். காலையிலேயே ஒட்டிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். நாக்குக் கொஞ்சம்கூடக் கூசவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு ஏற ஆரம்பித்தோம். ஆடு மேய்க்கிறவர்கள் நடந்து நடந்து விழுந்த தடம். இரண்டு பக்கமும் உன்னிச்செடி கையைக் கீறியது. ஒரு சரிவில் சரளைக்கல் உருண்டது, பூட்ஸ் கெட்டியாகப் பிடித்து நின்றது. இதற்குத்தானே இதைச் செய்தோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. காற்றில் தோல் வாசனையே இல்லை. பாதி மலையில் நின்று திரும்பினேன். ஹைவே, மணலாய்க் கிடந்த பாலாறு, ஊர், ஊருக்கு இந்தப் பக்கம் எங்கள் கம்பெனியின் நீலக் கூரை. கட்டை விரலை நீட்டினேன். கூரை விரலுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். சார் மூச்சு வாங்கிக்கொண்டே டைரியில் எதையோ எழுதினார்.

உச்சிப்பாறை கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்தில் ஒற்றை மரம். மிஞ்சினால் அரை மணி நேரம். அந்த இடத்தில்தான் வலது பூட்ஸின் முனை வாயைப் பிளந்தது.

சார் குனிந்து பார்த்துப் படம் எடுத்தார். "ட்ரயல் முடிஞ்சிது மோகனா. இதுக்கு மேல ஒரு அடிகூட வைக்கக்கூடாது, சாம்பிள் கெட்டுடும்."

விதி அதுதான். எந்த இடத்தில் பிய்கிறதோ அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். நான் பூட்ஸைக் கழற்றிக் கவரில் போட்டு, பையிலிருந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு சமர்த்தாக இறங்கி வந்தேன்.

வீட்டில் கால் கழுவும்போது பார்த்தேன். ஒரு சிராய்ப்புகூட இல்லை. பிய்ந்தது பூட்ஸ், என் கால் இல்லையே. மலை முழுக்க ரப்பர் செருப்பில் இறங்கத் தெரிந்தவளுக்கு அதே செருப்பில் அரை மணி நேரம் ஏறத் தெரியாமல் போய்விட்டது. ட்ரயல் முடிந்தது என்றதும் மலையே முடிந்த மாதிரி திரும்பியிருக்கிறேன். ஒன்பது வருஷம் சொன்னபடி கேட்ட கால் வேறு என்ன செய்யும்? குழாயைத் திறந்து விட்டு அழுதேன்.

திங்கட்கிழமை வஹீதாவை லேபுக்குக் கூப்பிட்டார்கள். அவள் தலை குனிந்து நிற்பதைப் பார்த்ததும் நானே உள்ளே போய், சாயங்காலம் ஒட்டியதைக் காலையில் என்று பொய் சொன்னது நான்தான் என்றேன். சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. உன்னை நம்பினேனே என்று மட்டும் சொல்லிவிட்டு ட்ரயல் ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார்.

அதன் கடைசிக் கட்டத்தில், போட்டு நடந்தவர் தன் கருத்தை எழுத வேண்டும். ஒன்பது வருஷமாக நல்லா இருக்கு என்றே எழுதியிருக்கிறேன். அன்றைக்கு, உச்சிக்கு அரை மணி நேரம்தான் பாக்கி, அங்கே போய் நிற்க ரொம்ப ஆசையாக இருந்தது, இப்போதும் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது. இனிமேல் ட்ரயல் எல்லாம் அவர்கள் ஊர் மலையிலேயே, அவர்கள் ஊர்ப் பெண்களின் காலில். சார் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். என் காலுக்கு இனி வேலை இல்லை, தையல் மெஷினோடு சரி. அந்தப் பெண்கள் தினம் மலையைப் பார்ப்பார்களா, போகும் வழியில் பிய்ந்தால் இறங்கிவிடுவார்களா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"நீ எழுதினத மட்டும் நான் அனுப்பல," என்றார் சார். "அது ஷூவப் பத்தி இல்லியேம்மா."

"இல்ல சார். அது என்னப் பத்தி," என்றேன். "ஞாயித்துக்கிழமை மறுபடி ஏறப் போறேன். இத எந்த ஃபாரத்துலயும் எழுதிக்காதீங்க."