கேபினில் போகிறவர்கள்

இது டிசம்பரில் நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் உண்டு. செந்தமிழன் அன்று வாசலில் நின்று பேசினானா, கார் கதவைப் பிடித்துக்கொண்டு பேசினானா, அவன் அக்கா கொண்டுவந்த தலையணை ஒன்றா இரண்டா என்பதையெல்லாம் பெரார்கஞ்சு என்னும் எங்கள் தீவுக் கிராமத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பலர் வாயில் கேட்டதை ஒட்டவைத்துத்தான் நானும் சொல்கிறேன். ஒட்டிய இடத்தில் என் கற்பனையும் கொஞ்சம் கசிந்திருக்கலாம். ஆனால் அவன் அன்று பேசிய வார்த்தைகளை மட்டும் யாரும் மாற்றிச் சொல்லவில்லை.

செந்தமிழன் பேசாதவன். துறைமுக வேலைக்காக ராமநாதபுரத்திலிருந்து வந்த அவன் அப்பா, மொழிப்பற்றில் வைத்த பெயர் அது. தமிழ் பெயரோடு நின்றுவிட்டது, வாய்க்கு வரவில்லை என்று ஊரில் ஒரு கேலி உண்டு. கேலிக்கும் அவன் பதில் சொன்னதில்லை.

சுற்றுலா கார் ஓட்டுவது அவன் தொழில். மெயின்லேண்டிலிருந்து தேனிலவுக்கு வரும் ஜோடிகளை விமான நிலையத்தில் ஏற்றிக்கொள்வான். சிடியா டாப்புவில் சூரியன் மறைவதைக் காட்டுவான். மறுநாள் காலை ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகுத்துறையில் இறக்கிவிடுவான். ஜோடி வண்டியில் ஏறியதும் உள்கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிவிடுவது அவன் வழக்கம். அதன்பிறகு முகங்கள் தெரியாது, பேச்சு மட்டும் கேட்கும். அந்தப் பேச்சை அவன் வாயைப் பிளக்காத குறையாக வியந்தான். ஹோட்டல் பருப்பில் உப்பு கூட என்பதில் தொடங்கி, கல்யாணப் பந்தியில் சித்தி என்ன சொன்னாள் என்பதுவரை, இரண்டு பேர் வழிநெடுக ஓயாமல் பேச முடிகிறதே. எங்கிருந்து எடுக்கிறார்கள் இத்தனையையும்?

அவன் மனைவி வைஜெயந்தி பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கிறாள். வங்காளி வீட்டில் வங்காளம், தெலுங்கர் வீட்டில் தெலுங்கு, கடையில் இந்தி என்று எந்த வாசலிலும் செருப்பைக் கழற்றுவதற்குள் பேச்சில் நுழைந்துவிடுவாள். கணவனிடம் பேசும் முறை மட்டும் வேறு. கேள்வியைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். பதில் மூன்று நாள் கழித்து வரும்.

மகள் திவ்யா கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் ஒலி பாதியாகிவிட்டது. ஒரு சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே வைஜெயந்தி கேட்டாள்.

"இந்தியா பூரா ஹனிமூனுக்கு இங்க வருது. இங்க இருக்கறவங்க எங்க போறதாம்?"

மூன்றாம் நாள் காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டே அவன் சொன்னான். "கல்கத்தா."

என்ன கேட்டோம் என்று நினைவுக்கு வர அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. வந்ததும், கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

சென்னை என்றால் சொந்தக்காரர்கள். விமானம் இறங்கியதும் ஆளுக்கொரு வீட்டில் பந்தி போட்டுவிடுவார்கள். கல்கத்தாவில் அவர்களுக்கு ஒருவரும் இல்லை, மொழியோ அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இவ்வளவையும் அவன் அவளிடம் சொன்னான். சொல்லாதது ஒன்று இருந்தது. திவ்யா இருந்தவரை அவன் மௌனம் வீட்டில் தெரியவில்லை, இப்போது தெரிந்தது. தனியாகச் சில நாள் இருந்தால் தன்னோடு இருப்பது அவளுக்குச் சலித்துப்போய்விடும் என்று அவன் பயந்தான். பாட்டும் வெளிச்சமும் கூட்டமும் நிறைந்த ஊர் என்றால் அந்தச் சத்தத்தில் தன் சத்தமின்மை கேட்காது. ஊரைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

கல்கத்தாவிலிருந்து வந்த ஜோடிகளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுவைத்திருந்ததை ஒருநாள் விரல் மடக்கிச் சொன்னான். அவன் வாழ்க்கையில் அதுவே மிக நீண்ட பேச்சு.

"முதல் நாள் காலைல டிராம். அப்புறம் நியூ மார்க்கெட். சாயங்காலம் ஆத்துல படகு. ராத்திரி பார்க் ஸ்ட்ரீட்ல கிறிஸ்மஸ் லைட்டு பாக்கறோம், மேடை போட்டுப் பாடற ஹோட்டல்ல சாப்புடறோம். ரெண்டாம் நாள் விக்டோரியா, குதிரை வண்டி, நாடகம்..."

"மூச்சு விட்டுக்கங்க."

விட்டான்.

"மொத்தமும் இப்படித்தானா?"

தலையசைத்தான்.

"இதுல நாம எப்ப உக்கார்றது?"

உட்காருவதை அவன் எங்கும் சேர்க்கவில்லை. பேக்கேஜில் அப்படி ஒன்று கிடையாது.

"நீங்க சொன்னதெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா பிளைட் வேணாம். ஏறி உக்காந்து பெல்ட்டு போடறதுக்குள்ள எறக்கிவிட்டுடுவான். கப்பல்ல போலாம்."

"மூணு நாலு நாள் ஆகும்."

"ஆகட்டுமே."

சுற்றிலும் தண்ணீர், நடுவில் அவள், எதிரில் தான். விமானமே போதும் என்று சொல்லிவிடப் பார்த்தான். ஆனாலும் அவள் வாளியைக் கீழே வைத்த விதம் அவன் கண்ணைவிட்டுப் போகவில்லை. போர்ட் பிளேர் போய் வரிசையில் நின்று, இரண்டு படுக்கை உள்ள கேபினாக எடுத்தான்.

அங்கேதான் வந்தது வினை. பெரார்கஞ்சு ஆட்கள் கப்பலில் போவது கல்யாணத்துக்கு, சாவுக்கு, இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு. போனால் எல்லோரும் படுக்கும் பங்க்கில் போவார்கள். சீட்டாடிக்கொண்டும் அடுத்தவர் ஊறுகாயைக் கேட்டு வாங்கிக்கொண்டும் கரை சேர்வார்கள். கேபின் என்பது அதிகாரிகளுக்கு. அல்லது படுத்தே போகவேண்டிய நோயாளிக்கு.

வரிசையில் பின்னால் நின்றவர் கணபதி, அவர்கள் ஊர் டீக்கடைக்காரர்.

"கேபினா எடுத்த? யாருக்கு?"

"எனக்கும் வைஜெயந்திக்கும்."

கணபதியின் முகம் மாறியது. "யாருக்கு உடம்பு சரியில்ல?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று செந்தமிழன் யோசிக்கத் தொடங்கினான். அவன் யோசனையின் வேகம்தான் தெரியுமே. கணபதி அந்த முகத்தைப் பார்த்தார். மெல்லத் தோளில் கைவைத்தார்.

"சொல்ல வேணாம் தம்பி. தங்கச்சிக்கு ஒண்ணும் ஆகாது."

அவன் வீடு வந்து சேர்வதற்குள் நோய் வந்து சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாலதி, ஊரே பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுகிற வங்காளத்து அம்மாள், காரம் போடாத மீன் குழம்போடு உட்கார்ந்திருந்தாள். "டரோ மத்," என்று, வந்திருந்தவர்களுக்கும் புரிய இந்தியில் சொல்லி, வைஜெயந்தியின் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். பயப்படாதே. "கல்கத்தா மே படா படா டாக்டர் ஹை." கல்கத்தாவில் பெரிய பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள்.

"மே டீக் ஹூம், பௌதி. எனக்கு ஒண்ணுமே இல்ல," என்றாள் வைஜெயந்தி. அவள் சொல்லச் சொல்ல வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், புருஷன் இவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

எல்லோரும் போன பிறகு அவள் கணவனிடம் வந்தாள். சிரிக்கத்தான் வந்தாள், ஆனால் சிரிப்பு நடுவழியில் நின்றுவிட்டது.

"போன மாசம் பிரஷர் பாத்தாங்கள்ல. டாக்டர் உங்கள மட்டும் கூப்பிட்டு ஏதாவது சொன்னாரா?"

"இல்ல," என்றான். பதில் உடனே வந்தது. இருவருமே அதைக் கவனித்தார்கள்.

"அப்ப கணபதி அண்ணன்கிட்ட ஏன் சொல்லல?"

"யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"இன்னுமா?"

"ம்."

இப்போது அவளுக்குச் சிரிப்பு முழுதாக வந்தது. "நான் சொன்னா ஒருத்தரும் நம்பல. நீங்கதான் சொல்லணும். சீக்கிரம் சொல்லுங்க. உங்க அக்கா ஹட் பேலேர்ந்து கெளம்பிட்டாங்க. நம்ம கப்பல்லயே பங்க்கு எடுக்கச் சொல்லிட்டாங்களாம், தொணைக்கு."

அக்கா சந்திரமதி, இன்னொரு தீவில் இருக்கும் ஹட் பேயின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவள். தம்பியை வளர்த்ததில் பாதி தன் பங்கு என்பது அவள் கணக்கு. கப்பல் புறப்படும் நாள் காலை தலையணையோடு வந்து இறங்கினாள். வழியனுப்பப் பாதித் தெரு திரண்டிருந்தது. கணபதி கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

"டேய் தம்பி, நான் கேபின்ல அவகூடப் படுத்துக்கறேன். நீ என் பங்க்குக்குப் போயிடு," என்றாள் அக்கா. "திடீர்னு அவளுக்கு ஏதாச்சும்னா பொம்பளத் தொணை வேணும். ஒன்னைய நம்பி விட முடியுமா? கப்பல் முங்குனாக்கூட ஒரு வார்த்தை சொல்ல மாட்ட."

கூட்டம் சோகத்துக்கு நடுவிலும் சிரித்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு நொடியில் செந்தமிழனுக்கு நிம்மதியாக இருந்தது. பங்க்கில் நூறு பேர் பேசுவார்கள். அவர்களுக்கு நடுவில் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளலாம். அக்காவும் அவளும் பேசிக்கொண்டே போவார்கள், யாருக்கும் சலிக்காது. ஒன்றுமே சொல்லவேண்டாம். சும்மா இருந்தால் போதும், அது அவனுக்கு நன்றாக வரும்.

வைஜெயந்தி குனிந்து தன் பெட்டியைத் திறந்தாள். மேலே மஞ்சள் சேலை ஒன்று, மடிப்புக் கலையாமல். பார்க் ஸ்ட்ரீட் வெளிச்சத்துக்கென்று வாங்கியது. அதை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, அக்காவின் சாமானுக்கு இடம் பண்ணினாள். நாலு மொழி பேசுகிறவள், ஒரு மொழியிலும் ஒரு சொல் சொல்லவில்லை. அவளுடைய மௌனத்தை அவன் அதுவரை கேட்டதில்லை.

"அக்கா," என்றான் செந்தமிழன். "அவளுக்கு ஒரு நோயும் இல்ல. நான் அவகூடத் தனியா இருக்க ஆசைப்பட்டுத்தான் கேபின் எடுத்தேன்."

யார் வீட்டுக் கோழியோ குறுக்கே நடந்து போனது.

"க்யா போலா?" என்ன சொன்னான் என்று மாலதி பௌதி கேட்டாள். தமிழ் தெரியாதவளிடம் அதை எடுத்துச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். காது சிவக்க, அவனே இந்தியில் இன்னொரு தரம் முழுசாகச் சொன்னான்.

பௌதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஹனிமூன்," என்றாள். அந்தத் தீவில் எல்லா மொழிக்காரர்களுக்கும் தெரிந்த சொல் அது.

அக்கா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். "இதைச் சொல்றதுக்கு ஒனக்கு இத்தன வருசம் ஆச்சாடா?" என்றாள். பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். "சரி சரி, ஒங்க வீட்டு ஆட்டுக்குத் தழை எங்கருந்து ஒடிக்கறதுன்னு சொல்லிட்டுப் போங்க. வந்ததுதான் வந்தேன், காவலாச்சும் இருக்கேன்."

மஞ்சள் சேலையைச் செந்தமிழனே எடுத்துப் பெட்டியில் வைத்தான். மடிப்பைக் கொஞ்சம் கலைத்துவிட்டான். அவள் அதைச் சரிசெய்யவில்லை.

கப்பலில் முதல் நாள் அவன் பேச்சு தேடித் தவித்தான். ஹோட்டல் பருப்பைப் பற்றிச் சொல்லலாம் என்றால் கேன்டீன் பருப்பில் ஒரு குறையும் இல்லை. மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவளே கேட்டாள்.

"எதுக்கு இப்படி நெளிஞ்சுகிட்டே இருக்கீங்க?"

"நான் பேசாம இருந்தா ஒனக்குச் சலிப்பா இல்லையா?"

இந்தக் கேள்வியை அவன் சுமந்து திரிந்த காலத்தை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அவளோ ஒரு நொடியும் எடுத்துக்கொள்ளவில்லை.

"நீங்க பேசாம இருக்கறதுல எத்தன தினுசு இருக்குன்னு உங்களுக்கே தெரியாது. வண்டி ரிப்பேர்னா மூக்கால மூச்சு விடுவீங்க. கோவம்னா நகத்தப் பாப்பீங்க. திவ்யா பொறந்தப்ப ஆஸ்பத்திரி சுவத்துல கைய வச்சுக்கிட்டே நின்னீங்க. நாளெல்லாம் அத்தன பேர்கிட்டப் பேசிட்டு, பேச வேணாத ஒரு எடத்துக்கு வர்றேன். அது எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா?"

அவன் கடலைப் பார்த்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்து, "இது புது தினுசா இருக்கே," என்றாள்.

கடைசி நாள் விடியலில் கடலின் நீலம் போய்த் தண்ணீர் மண்ணிறமானது. கப்பல் ஆற்றுக்குள் நுழைந்தது. இருபுறமும் செங்கல் சூளைகள், படித்துறைகள், குளிக்கிறவர்கள், மூட்டம். நகரம் அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைக் காட்டியது. விமானத்தில் வந்திருந்தால் இது கிடைத்திருக்காது என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொன்னான், அன்றே.

அவன் போட்ட திட்டத்தில் பாதிகூட நடக்கவில்லை. டிராமில் ஏறியவர்கள் கடைசி நிறுத்தம் வரை போய், இறங்க மனமில்லாமல் அதே டிராமில் திரும்பினார்கள். பார்க் ஸ்ட்ரீட்டில் தலைக்கு மேல் விளக்குத் தோரணங்கள், கீழே தலைகள், ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒரு பாட்டு. வைஜெயந்தி மஞ்சள் சேலையில், முட்டை ரோல் சுடுகிறவனிடம் வங்காளத்தில் வம்பளந்துகொண்டிருந்தாள். ரோல்காரன் அவள் பேச்சைக் கேட்டு, ஏதோ ஒரு வங்காள ஊரின் பெயர் சொல்லி, அந்த ஊர்க்காரியா என்று கேட்டான். இவள் இல்லையென்று சொல்லாமல் இன்னும் கொஞ்சம் மிளகாய் கேட்டாள். அத்தனை வெளிச்சத்தையும் கண்ணுக்குள் வாங்கிக்கொண்டு நின்ற அவளைச் செந்தமிழன் பார்த்தான். இங்கே தள்ளிவிட வேண்டிய கண்ணாடி எதுவும் இல்லை.

அவர்கள் ஊர் திரும்பியதும் சந்திரமதி ஹட் பேக்குப் போய்விட்டாள்; ஆடு ஒரு சுற்றுப் பருத்திருந்ததாகச் சொல்கிறார்கள். கணபதி அடுத்த வருடம் மனைவியோடு சென்னைக்குக் கேபினில் போனார், உண்மையாகவே ஆஸ்பத்திரிக்கு. இருவரும் நலமாகத் திரும்பினார்கள். மாலதி பௌதி அந்த இந்தி வாக்கியத்தை இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். திவ்யா படிப்பு முடித்துக் கோயம்புத்தூரிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வைஜெயந்தி பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாள். செந்தமிழன் கார் ஓட்டுகிறான். அவன் இப்போதும் பேசுவதில்லை.