அன்னலட்சுமி கூப்பிட்ட பெயர்

முருகனுக்கு மௌன நேர்த்தி வைத்தபோது, புருஷனிடம் "வேண்டாம்" என்று சொல்லக்கூட வாய் இருக்காது என்பது அன்னலட்சுமிக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்? நாலு வயதுப் பிள்ளை அனலாய்க் கொதித்துக்கொண்டு மடியில் கிடக்கும்போது எவளும் நேர்த்தியின் ஓட்டை உடைசல் பார்ப்பதில்லை. "பதுளையில் என் வீட்டு வாசலைத் தாண்டினதிலிருந்து கதிர்காமத்தில் தீர்த்தம் முடிகிறவரை ஒரு சொல் பேசமாட்டேன். என் பிள்ளை உயிரை எனக்கு விட்டுவிடு" என்று விளக்கைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டாள்.

பிள்ளையை நாத்தனார் பாக்கியலெட்சுமியிடம் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையைக் காட்டுவழியில் தூக்கிவர முடியாது. திருவிழா முடிந்துவிட்டால் நேர்த்தியை எங்கே கொண்டுபோய் நிறைவேற்றுவது? பதுளைக்கு ரயில் வராத காலம் அது. வெல்லவாயா தாண்டிவிட்டால் ஊர்ச் சேதி ஒன்றும் எட்டாது. கண்ணை மூடினால் பிள்ளையின் காய்ந்த உதடு தெரிந்தது. கண்ணைத் திறந்தால் புருஷன் பேசிக்கொண்டிருந்தார்.

சிதம்பரநாதன் பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவர். வாய்க்கு ஓய்வு கொடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று நம்புகிற ரகம். பயம் வந்தால் இன்னும் கூடுதலாகப் பேசுவார். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதிலிருந்து அவர் வாய் மூடவே இல்லை. தீர்த்தத்துக்கு முந்தின நாள் கதிர்காமத்து மடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், கிரிந்தைக்காரர் இப்றாஹீமின் மாட்டுவண்டியைப் பேசிவிட்டு வந்து நின்றார். யாத்திரை வந்தவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவை, முதலை, ஆமைத் தடம் எல்லாம் காட்டி, அன்றைக்கே திரும்பக் கொண்டுவந்து விடுவது இப்றாஹீமின் தொழில்.

"நீ கடலையே பாத்ததில்லையே. போய்ட்டு வந்துருவம்" என்றார். அன்னலட்சுமி வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "என்னத்துக்குப் பயம்? நா இருக்கேன்ல" என்று அவளை வண்டியில் ஏற்றிவிட்டார். தலையாட்டலுக்கு அர்த்தம் சொல்லும் உரிமை எப்போதும் வாயுள்ளவனிடம்தான் இருக்கிறது.

வண்டியில் இன்னொரு தம்பதியும் இருந்தார்கள். தெமோதரைத் தோட்டத்துக் கங்காணி வீரசிங்கமும் அவர் பெண்சாதி கருப்பம்மாவும். கருப்பம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் புருஷனுக்குக் காட்டியாக வேண்டும். மான் குறுக்கே ஓடினால் "ஏங்க!" மயில் தோகையை இழுத்துக்கொண்டு போனால் "ஏங்க!" யானை லத்தியைக் கண்டாலும் "ஏங்க!" கங்காணி ஒவ்வொரு தடவையும் "என்னடி?" என்று கேட்டு, பார்த்து, தலையாட்டி வைத்தார். அன்னலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வண்டி பள்ளத்தில் இறங்கும்போது "அம்மா" என்று வாய்தவறி வந்துவிட்டால் என்ன செய்வது என்று முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தூங்கினால் உளறிவிடுவோமோ என்று பயந்து மடத்திலும் அவள் சரியாகத் தூங்கியிருக்கவில்லை.

கடல் வந்தது. அவ்வளவு தண்ணீரை அவள் கண்டதில்லை. மணலில் வண்டிச் சக்கரம் உருண்டதுபோல ஒரு தடம் ஏறி, திரும்பவும் கடலுக்கே இறங்கியிருந்தது.

"ராத்திரி ஆமை ஏறியிரிக்கி" என்றார் இப்றாஹீம். "முட்டைய மணல்ல பொதச்சிட்டு போயிரும். திரும்பிப் பாக்காது."

"பெத்துப் போட்டுட்டு அப்புடியே போயிருமா?" என்று கருப்பம்மா கன்னத்தில் கைவைத்தாள். நானும் அப்படித்தானே வந்திருக்கிறேன் என்று நினைத்தாள் அன்னலட்சுமி. அந்தத் தடத்தை மிதிக்காமல் சுற்றிப்போனாள்.

கடற்கரைக்குப் பின்பக்கம் ஒரு களப்பு, கடல்நீர் புகுந்து தேங்கும் ஏரி. வெயில் காலத்தில் வற்றி, சேறு வெடித்து, நடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. அதில் ஒரு பறவைச் சந்தையே கூடியிருந்தது. கூழைக்கடாக்கள் பையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மிதந்தன. கரண்டி போன்ற அலகை வைத்துக்கொண்டு சில பறவைகள் தண்ணீரைக் கிண்டின. இறக்கையின் ஓரத்தில் ரோஜா நிறம் ஏறிய நாரைகள் சேற்றில் வரிசையாய் நின்றன. ஒரு கணம் அன்னலட்சுமி பிள்ளையை மறந்து பார்த்தாள். உடனே மறந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

இப்றாஹீம் வண்டியை மேட்டிலிருந்த பாலை மரத்தடியில் நிறுத்தினார். "இங்கருந்தே பாருங்க முதலாளி. தண்ணிக்குக் கிட்ட போவாதீங்க. கட்டை மாதிரி கெடக்கும், கட்டையில்ல." சொல்லிவிட்டு மாடுகளை அவிழ்த்து மேயக் கொண்டுபோனார். கங்காணி ஒதுங்குவதற்காகப் புதர்ப்பக்கம் நடந்தார். கருப்பம்மா கட்டுச்சோற்றை அவிழ்த்தாள்.

சேற்றோரத்தில் ஒரு ரோஜா இறகு கிடந்தது. சிதம்பரநாதன் அதைக் கண்டுவிட்டார். "புள்ளைக்குக் கொண்டுபோய்க் குடுத்தா எம்புட்டுச் சந்தோசப்படுவான்" என்று சொல்லிக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கினார். அன்னலட்சுமி அவர் கையைப் பிடிக்கப் பார்த்தாள். அதற்குள் எட்டாத தூரம் போய்விட்டார். இறகை எடுத்தார். அதில் சேறு. தண்ணீரோரம் குந்தி அதை அலசத் தொடங்கினார்.

அவருக்கு இடப்பக்கம் கிடந்த கட்டை நகர்ந்தது.

அன்னலட்சுமி கையைத் தட்டினாள். கடல்காற்று அதை விழுங்கிவிட்டது. மண்கட்டியைப் பெயர்த்து வீசினாள். பாதி வழியிலேயே விழுந்தது. கருப்பம்மா பக்கம் திரும்பினாள். அவள் குனிந்து சோற்றில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டை சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கி, இரண்டு கண் மட்டும் வெளியே தெரிய, அவரை நோக்கி வந்தது.

பிள்ளை. புருஷன். பிள்ளை. அந்த நேரத்தில் அவள் நெஞ்சு பட்ட பாட்டை எழுதி முடியாது.

"ஏங்க!"

பேசாமல் கிடந்த தொண்டை உடைந்து வந்தது. ஆனாலும் சத்தம் களப்பு முழுக்கக் கேட்டது. புதருக்குள்ளிருந்து கங்காணி "என்னடி?" என்றார். சிதம்பரநாதன் திரும்பவில்லை. தன் பெண்சாதி பேசமாட்டாள் என்பது அவருக்குத் தெரியுமே! "கங்காணியாரே, ஒங்களத்தான் தேடுறாங்க" என்று சிரித்துக்கொண்டே இறகை அலசினார்.

"ஏங்க! ஏங்க!"

"வாறேன்டி, கொஞ்சம் பொறு!" என்று புதர்தான் பதில் சொன்னது.

புருஷன் பெயரைப் பெண்சாதி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் அன்னலட்சுமி. கல்யாணமாகி இத்தனை காலத்தில் கோயில் அர்ச்சனைக்குக்கூட அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. பக்கத்தில் நிற்பவர்கள்தான் சொல்லுவார்கள்.

"சிதம்பரநாதா! எந்திரி!"

அவர் துள்ளி எழுந்து திரும்பினார். அந்தத் திரும்பல்தான் அவரைக் காப்பாற்றியது. தண்ணீர் வெடித்தது, வாய் மூடிய சத்தம் மேட்டில் நின்றவளுக்குக் கேட்டது. வேட்டியின் முனை கிழிந்து போயிற்று. அவர் சேற்றில் விழுந்து, தவழ்ந்து, மேட்டில் ஏறி அவள் காலடியில் கிடந்தார். இப்றாஹீம் கம்போடு ஓடிவந்தார். பறவைகள் அத்தனையும் ஒரேயடியாய் எழும்பிப் போய்விட்டன.

"ஆத்தாடி, அக்கா வாய் தெறந்துட்டாங்களே" என்றாள் கருப்பம்மா.

சிதம்பரநாதனுக்கு மூச்சு வந்ததும் பேச்சும் வந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. முருகனுக்குத் தெரியாதா என்ன? ரெண்டு சொல்லுதான..."

"ரெண்டு சொல்லா?" அடைத்து வைத்திருந்ததெல்லாம் அன்னலட்சுமிக்கு அப்போதுதான் பீறிட்டது. "எம்புள்ள உசுரு அதுலதான் இருந்துச்சு! ஒங்களை யாரு எறங்கச் சொன்னது? வர மாட்டேன்னு தலைய ஆட்டுனேனே, ஒங்க கண்ணுல படலயா? பேசிப் பேசியே எல்லாத்தையும் முடிச்சிட்டீங்க. இப்ப அந்தப் புள்ளைக்கு என்னமாச்சும் ஆயிருந்தா நா யாரைக் கேக்க?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

திரும்பும் வழியில் இப்றாஹீம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்குக் கையைக் காட்டினார். கங்காணி சுருட்டு நீட்டியதற்குத் தலையாட்டினார். கோபித்துக்கொண்டார் என்றுதான் அன்னலட்சுமி நினைத்தாள். மடத்துக்கு வந்தபிறகும் அவர் ஒரு சொல் பேசவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் விட்ட இடத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் தீர்த்தம். மாணிக்க கங்கையில் அரோகரா முழங்க முங்கி எழுந்தார்கள். "முடிஞ்சிருச்சு, பேசுங்க" என்றாள். அவர் தலையசைத்து, பதுளை மலை இருக்கும் திசையைக் காட்டி, கையால் பிள்ளையின் உயரத்தை அளந்து காட்டினார். பிள்ளையைப் பார்க்கிறவரைக்குமாம்.

வழியெல்லாம் அவள்தான் பேசினாள். வண்டிக்காரனிடம் வாடகை பேசினாள்; கொஸ்லந்தையில் தண்ணீர் கேட்டாள்; "ஐயா ஊமையா?" என்று கேட்டவனுக்குச் சுடச்சுடப் பதில் கொடுத்தாள். ஆனால் கைமாறிய நேர்த்தியைச் சாமி ஏற்குமா என்று மட்டும் யாரிடமும் கேட்கத் துணியவில்லை. இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால்?

பதுளையில் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். கதவைத் திறந்தது பாக்கியலெட்சுமி. கண்கள் சிவந்திருந்தன. அழுததா, அடுப்பு ஊதியதா? உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அன்னலட்சுமி கேட்கப் பார்த்தாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. சிதம்பரநாதன் அவளைப் பார்த்தார். இன்னும் ஒரு நொடி பார்த்தார்.

"அக்கா, புள்ள?"

"ஸ்ஸ், கத்தாத" என்றாள் பாக்கியலெட்சுமி. "கஞ்சி வேணாமாம். சோறு போடுன்னு ஒரே அடம். ஊதி ஊதிச் சமைச்சுப் போட்டேன், தின்னுட்டு இப்பதான் கண்ணசந்தான். காச்சலெல்லாம் எப்பவோ விட்டுப்போச்சு."

அன்னலட்சுமி நிலையைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் பக்கம் திரும்பினாள். "பாக்குறதுக்கு முன்னாடியே பேசிட்டீங்களே" என்றாள்.

"ஒனக்குத்தான் வாய் வரலயே" என்றார் அவர். "யாராச்சும் கேக்க வேணாமா?"

உள்ளே பாய் சரசரத்தது. "யாரு?" என்று பிள்ளையின் குரல் கேட்டது.

இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.