பத்து வருஷத் தொட்டி

விடிந்ததிலிருந்து நாலாவது தடவையாகக் கஜபதி மீன் தொட்டியின் மேல் குனிந்து மோந்து பார்த்தார். நாற்றம் இருந்தது. லேசாகத்தான். ஆனால் பத்து வருஷத் தொட்டியில் அந்த லேசுகூட இருக்கக் கூடாது. தொட்டிக்கு வயது எட்டு நாள்.

பத்து வருஷம் என்பது அவர் வாயிலிருந்தே வந்தது. மகள் மனோரமாவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா, பெரம்பூர் பாலசுப்பிரமணியன், பஜ்ஜியைப் பிட்டபடி, தன் வீட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பதாகவும் அதற்கு எட்டு வருஷம் ஆகிறதென்றும் சொன்னார். திருத்தணி பஜாரில் லுங்கி மொத்த வியாபாரம் செய்கிற கஜபதிக்கு, எட்டு என்று கேட்டதும் பத்து என்று வந்துவிட்டது.

"நம்மகிட்டயும் இருக்குதுங்க. பத்து வருஷமாவுது. பொதட்டூர்பேட்டை ஊட்ல கீது. நிச்சயத்துக்குள்ள இங்க எடுத்தாந்துடுவேன்."

"அப்படியா! நிச்சயத்துக்கு வரும்போது பார்த்துடணும்."

மறுநாளே மூர் மார்க்கெட்டிலிருந்து தொட்டி, கல், காற்று மோட்டார், ஆறு தங்கமீன் எல்லாம் வந்து இறங்கின. சும்மா வாங்கி வைத்திருந்தால் பரவாயில்லை. கஜபதி தினமும் காலையில் தண்ணீர் முழுவதையும் கொட்டி, கல்லைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தார். கதவையும் திறந்து வைத்தார். தெரு முழுக்க வந்து பார்த்தது. மலையடிவாரக் கோயில் குளத்து மீனுக்குப் போடுகிற பழக்கத்தில் ஆளுக்கொரு பிடி பொரியும் போட்டுவிட்டுப் போனது. புண்ணியத்தைத் தடுக்கக் கஜபதிக்கு மனசு வரவில்லை. பார்க்க வருகிறவர்களையும் தடுக்க வரவில்லை. ஆறாம் நாள் தண்ணீர் கழுநீராயிற்று. எட்டாம் நாள் மூன்று மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

அரக்கோணம் போய் ரயில் மாறி மறுபடியும் மெட்ராசுக்குப் போனார். தொட்டி விற்ற கடைக்காரர் சிரித்தார்.

"தண்ணி பழகணும் சார். மீனு உள்ளதான் தின்னுது, உள்ளதான் பேலுது. அந்த விஷத்தத் தின்ற பூச்சி கல்லுல ஊறணும். கண்ணுக்குத் தெரியாது. நீ தேச்சித் தேச்சி அதக் கொன்னுட்ட. ஒரு மாசம் கல்லத் தொடாத. நாள் விட்டு நாள் ஒரு குடம் எடு, ஒருநாள் ஆறவெச்ச தண்ணி ஒரு குடம் ஊத்து. தீனி ஒரு சிட்டிகைதான். புது மீனு வேணாம், இருக்கிறதக் காப்பாத்து."

"பதினாறு நாள்ல நிச்சயம். அதுக்குள்ள பழகாதா?"

"புள்ள பெத்துக்கறதுக்கு அவசரப்படலாமா சார்?"

அதிலிருந்து கஜபதிக்குக் கடையில் உட்கார முடியவில்லை. லுங்கி எண்ணிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வீட்டுக்கு ஓடி மோந்து பார்ப்பார். கதவைப் பூட்டினார். மீனுக்குப் பொரி போடவிடாத பாவி என்று தெருவில் பெயர் வாங்கினார்.

"நைனா, தொட்டி புதுசுன்னு சொல்லிட்டா இன்னா?" என்றாள் மனோரமா. அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது.

"மீனுல பொய்யின்னா, மத்த எத நம்புவாங்க?"

"அதுக்கு மொதல்லயே வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்," என்று மனைவி அம்சா சமையலறையிலிருந்து சொன்னாள்.

இருபத்திரண்டாம் நாள் நாற்றம் நின்றது. தண்ணீர் தெளிந்திருந்தது. கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய பச்சை படர்ந்திருந்தது. துடைக்கப் போன கையைக் கஜபதி சட்டென்று இழுத்துக்கொண்டார். பத்து வருஷத்தின் பச்சை! மூன்று மீனும் சாவகாசமாகச் சுற்றின. இன்னும் ஒரு வாரம் பதமாக இருக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

நிச்சயத்தன்று சம்பந்தி மலையேறிச் சாமி கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு நேராகத் தொட்டியிடம் வந்தார். குனிந்து பார்த்தார். கஜபதியும் கூடவே குனிந்து ஒரு தடவை மோந்து பார்த்தார்.

"பலே! பத்து வருஷத் தண்ணின்னு பார்த்தாலே தெரியுதே."

கஜபதி மூச்சு விட்டார். விட்ட மூச்சு வெளியே வந்து முடிவதற்குள் சம்பந்தி ஜிப்பா பையிலிருந்து பொரிப் பொட்டலத்தை எடுத்து, மொத்தமாகத் தொட்டிக்குள் கவிழ்த்தார்.

"எங்க வீட்ல தினம் ரெண்டு வேளையும் இதான். படி படியா சாப்பிடும்."

'எங்க வீட்ல' என்றதுமே மாப்பிள்ளை கூரையைப் பார்த்தான். மனோரமா மாப்பிள்ளையைப் பார்த்தாள். கஜபதி வலையை எடுக்க நீட்டிய கை பாதியில் நின்றது.

"தாராளமா போடுங்க சம்பந்தி," என்றார்.

"நீங்களும் போடுங்க," என்று பொட்டலத்தில் ஒட்டியிருந்த மிச்சத்தை அவர் கையில் தட்டினார் சம்பந்தி. மேலே பொரி ஊறி உப்பிக்கொண்டிருந்தது. மூன்று மீனும் வாயைத் திறந்துகொண்டு மெதுவாக மேலே வந்தன.